சிதறிக் கிடந்த சாட்சியம்: எக்ஸ்ப்ளோரர் வண்டியும் ஃபயர்ஸ்டோன் டயரும்

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் நடுத்தர அளவு எஸ்.யூ.வி. வண்டியில் பூட்டப்பட்டவை. அடுத்த ஓராண்டுக்குள் அந்த டயர்களோடு தொடர்புடைய விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாகவும் 800க்கும் மேற்பட்டோர் காயமுற்றதாகவும் அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நீடித்த வணிக உறவு ஒன்று முறிந்தது. புதிய சட்டம் ஒன்று பிறந்தது.

இந்நிகழ்வு பெருநிறுவனப் பேராசையின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது பொய்யன்று. ஆயினும் வரலாற்று மாணவருக்கு அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு பழுது இருக்கிறது என்பது எப்போது 'அறியப்பட்டதாக' ஆகிறது? அந்த டயர் பழுதுடையது என்பதற்கான சான்றுகள் 2000க்குப் பல ஆண்டுகள் முன்னரே இருந்தன. ஆனால் அவை ஒரே மேசையில் இல்லை. டயர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு பகுதி, காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் ஒரு பகுதி, வழக்கறிஞர் அலுவலகங்களில் ஒரு பகுதி, வளைகுடா நாடுகளின் விற்பனை முகவர்களிடம் ஒரு பகுதி எனச் சிதறிக் கிடந்தன. அவை ஒன்றுசேரத் தாமதமான காலமே உயிர்களின் விலையாயிற்று.

1

எக்ஸ்ப்ளோரர் 1990ஆம் ஆண்டு மார்ச்சில், 1991ஆம் ஆண்டு மாதிரியாகச் சந்தைக்கு வந்தது. அதன் அடிச்சட்டகம் ஃபோர்டின் ரேஞ்சர் என்னும் சிறு சரக்கு வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே சட்டகத்தின்மேல் குடும்பங்கள் பயணிக்கும் கூண்டை ஏற்றினால் உற்பத்திச் செலவு குறையும். சட்டத்தின் பார்வையிலும் அது 'இலகுரகச் சரக்கு வண்டி' என்றே வகைப்படும். 1975ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்துக்குப் பின் கார்களுக்கு ஓர் எரிபொருள் சிக்கன அளவும், இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு அதனினும் தளர்ந்த அளவும் வகுக்கப்பட்டன. உழவரையும் சிறு வணிகரையும் மனத்திற்கொண்டு தரப்பட்ட அந்தத் தளர்வு, நகர்ப்புறக் குடும்பங்களின் வண்டிக்கு வாசல் திறந்துவிட்டது. 1990களில் எக்ஸ்ப்ளோரர் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற எஸ்.யூ.வி. ஆயிற்று. ஆண்டுக்கு 4 லட்சம் வண்டிகள் விற்ற காலமும் உண்டு.

அதற்கு முன்னோடியான புராங்கோ 2 என்னும் வண்டி எளிதில் குடைசாய்வது என்ற பெயரைப் பெற்றிருந்தது. நுகர்வோர் அமைப்பின் இதழொன்று 1989இல் அதைக் குறித்து எச்சரித்தது. எக்ஸ்ப்ளோரரை வடிவமைத்த பொறியாளர்களும் இதை உணர்ந்தே இருந்தனர். உயரமான வண்டி திடீரெனத் திரும்பும்போது கவிழ்வதா, நிமிர்ந்து நிற்பதா என்பதை முதன்மையாக இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையேயான அகலம். மையத்தைத் தாழ்த்தலாம், அல்லது அகலத்தைக் கூட்டலாம். இரண்டும் சட்டகத்தையே மாற்றக் கோருபவை. காலமும் பணமும் பிடிப்பவை.

பிற்காலத்தில் நீதிமன்றங்களில் வெளியான உள் ஆவணங்களின்படி, வெளியீட்டு நாள் நெருங்கிய நிலையில் நிறுவனம் எளிய வழிகளையே நாடியது. அவற்றுள் ஒன்று டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பது. காற்றுக் குறைந்த டயர் தரையை இறுகப் பற்றாது. வண்டி கவிழ்வதற்கு முன் சற்றே வழுக்கிச் செல்லும். சவாரியும் மென்மையாகும். இவ்வாறு சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு என்பது எக்ஸ்ப்ளோரரின் பரிந்துரை அழுத்தமாயிற்று. டயர் நிறுவனமும் அப்போது அதற்கு இசைந்தது. வண்டியின் ஒரு குறைக்கான மருந்து, இன்னொரு நிறுவனம் செய்த உறுப்பின் தாங்குதிறனிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

2

ஃபோர்டுக்கும் ஃபயர்ஸ்டோனுக்கும் இடையிலான உறவு வெறும் கொள்முதல் உறவன்று. 1906இல் ஹென்றி ஃபோர்டு தம் கார்களுக்கு 2,000 தொகுதி டயர்களை ஹார்வி ஃபயர்ஸ்டோனிடம் வாங்கியதில் அது தொடங்கியது. இருவரும் நண்பர்களாயினர். 1947இல் ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் மணம் புரிந்ததில் இரு குடும்பங்களும் உறவாயின.

ஃபயர்ஸ்டோனின் வரலாற்றில் டயர் பிரிந்துபோன கதை முன்பும் ஒருமுறை நடந்திருந்தது. '500' என்னும் பெயருடைய அதன் எஃகுப்பட்டை ரேடியல் டயர்கள் 1978இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. அந்த அடியிலிருந்து நிறுவனம் முழுமையாக எழவில்லை. 1988இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 260 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

ரேடியல் டயரில் தரையைத் தொடும் மேலடுக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் அதைப் 'பட்டன்' என்பர். அதன் அடியில் எஃகுக் கம்பிகள் பொதிந்த இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இவ்விரு பட்டைகளின் ஓரத்தில்தான் அழுத்தம் மிகுதியாகக் குவிகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி விரியும்போது அந்த ஓரங்கள் ஒன்றோடொன்று உராய முயல்கின்றன. இடையிலுள்ள ரப்பர் ஆப்பு அந்த அசைவைத் தாங்க வேண்டும். ஆப்பு மெலிந்திருந்தால், அல்லது ரப்பரின் ஒட்டுதல் குறைந்திருந்தால், ஓரத்தில் நுண்விரிசல் தோன்றி மெல்ல மெல்ல உள்நோக்கிப் படரும். வெயில், பாரம், வேகம், குறைந்த காற்று ஆகிய நான்கும் டயரின் உட்சூட்டை ஏற்றுபவை, விரிசலை விரைவுபடுத்துபவை. ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் மேற்பட்டையும் மேலடுக்கும் சேர்ந்து உரிந்து பறக்கும். காற்று இறங்காமலேயே இது நிகழலாம். ஓட்டுநருக்கு முன்னறிவிப்பு ஏதுமில்லை.

பின்சக்கரத்தில் இது நேர்ந்தால் வண்டியின் பின்புறம் பிடிப்பிழக்கும். ஓட்டுநர் இயல்பாகவே எதிர்ப்புறம் திருப்புவார். தாழ்வான கார் என்றால் பெரும்பாலும் சுழன்று நிற்கும். உயரமான எஸ்.யூ.வி. கவிழும். ஆகவே விபத்தின் தொடக்கம் டயரில், முடிவு வண்டியில். இந்தப் பிளவே பின்னர் வந்த எல்லாச் சச்சரவுகளுக்கும் ஊற்று.

3

டிகேட்டர் என்பது இல்லினாய் மாநிலத்துத் தொழில் நகரம். திரும்பப் பெறப்பட்ட வில்டர்னஸ் ஏ.டி. வகை டயர்கள் அங்கிருந்த ஃபயர்ஸ்டோன் ஆலையில் செய்யப்பட்டவை, ஏ.டி.எக்ஸ். வகையிலும் மிகுதியாகப் பிரிந்தவை அவ்வாலையின் டயர்களே. 1994இல் நிர்வாகம் 12 மணி நேரச் சுழல் பணிமுறையையும் புதிய தொழிலாளருக்குக் குறைந்த ஊதியத்தையும் கோரியது. ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிர்வாகம் மாற்றுத் தொழிலாளரை அமர்த்தியது. 1995 மே மாதத்தில் சங்கம் நிபந்தனையின்றிப் பணிக்குத் திரும்ப முன்வந்தது. எனினும் இறுதி ஒப்பந்தம் 1996 டிசம்பரில்தான் கையெழுத்தானது.

பொருளியல் அறிஞர்கள் ஆலன் குரூகரும் அலெக்சாந்தர் மாஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இக்காலத்தை நுணுகிப் பார்த்தது. பிணக்கு நடந்த காலத்தில் டிகேட்டரில் செய்யப்பட்ட டயர்கள், அதற்கு முன்னும் பின்னும் அங்கே செய்யப்பட்டவற்றைவிடவும் பிற ஆலைகளின் டயர்களைவிடவும் மிகுதியாகப் பழுதுற்றன என்று அது காட்டியது. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பழுது மிகுந்தது, மாற்றுத் தொழிலாளர் தனித்துப் பணிசெய்த மாதங்களில் அன்று. ஊதியக் குறைப்பு கோரப்பட்ட 1994இன் தொடக்க மாதங்களிலும், பழைய தொழிலாளரும் மாற்றுத் தொழிலாளரும் அருகருகே நின்று பணிசெய்த 1995இன் இறுதி, 1996இன் தொடக்க மாதங்களிலும்தான் அது உச்சத்தில் இருந்தது. திறமைக் குறைவு என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. மனக்கசப்பும் அவமதிப்பும் நிறைந்த பட்டறையில் தரம் எப்படிச் சிதைகிறது என்பதற்கு இது அரிய சான்று. தொழில் உறவுகளின் வரலாற்றையும் பாதுகாப்பின் வரலாற்றையும் தனித்தனியே எழுதுவோர் சேர்த்துப் படிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் ஆலை மட்டுமே காரணமன்று. டயரின் தோள்பகுதி வடிவமைப்பும் பட்டை ஓர ஆப்பின் தடிமனும் போதாதவை எனப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் முடிவுகட்டியபோது, டிகேட்டருக்கு வெளியே செய்யப்பட்ட டயர்களும் அதில் அடங்கின.

4

சான்றுகள் சிதறிக் கிடந்தவாற்றை இனி வரிசையாகக் காணலாம்.

முதலாவது, உத்தரவாதக் கணக்கு. காருக்கான உத்தரவாதம் கார் நிறுவனத்துடையது. டயருக்கான உத்தரவாதம் டயர் நிறுவனத்துடையது. இது தொழில்துறையின் நெடுநாள் வழக்கம். இதனால் எக்ஸ்ப்ளோரரின் எந்திரத்திலோ பற்சக்கரப் பெட்டியிலோ பழுது மிகுந்தால் ஃபோர்டின் கணினியில் அது உடனே தெரியும்; டயரில் மிகுந்தால் தெரியாது. அக்கோரிக்கைகள் ஃபயர்ஸ்டோனுக்குச் சென்றன. அங்கும் அவை இழப்பீட்டுச் செலவாகவே நிதிப் பிரிவில் எண்ணப்பட்டன. தரத்தை அளக்கும் பொறியாளர்கள் அவற்றை அளவுகோலாகக் கொள்ளவில்லை என நாடாளுமன்ற விசாரணையில் நிறுவனமே கூறியது. 2000 ஜூலை இறுதியில் அத்தரவு ஃபோர்டின் கைக்கு வந்தது. ஆய்வாளர்கள் அதைக் கணினியில் ஏற்றிப் பார்த்த சில நாட்களில் டிகேட்டர் ஆலையின் பெயர் மேலெழுந்து நின்றது. திரும்பப் பெறும் அறிவிப்பு இரண்டு வாரத்துக்குள் வந்தது.

இரண்டாவது, அரிசோனா. கடும் வெயில் மாநிலமான அங்கு, அரசுத் துறைகளே 1996இல் தம் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் டயர்கள் உரிவதாக முறையிட்டன. நிறுவனம் சோதித்துவிட்டு, காற்றைச் சரிவரப் பேணாமையும் தவறான பயன்பாடுமே காரணம் என்றது. பயன்படுத்துவோரைக் குறைகூறும் விடை எப்போதும் அண்மையில் கிடைக்கும் விடை. அதைச் சொன்னவுடன் தேடல் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, காப்பீடு. ஸ்டேட் ஃபார்ம் என்னும் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், ஃபயர்ஸ்டோன் டயர் பிரிந்த 21 நிகழ்வுகளைத் தொகுத்து 1998 ஜூலையில் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது பெறப்பட்டது, விசாரணை தொடங்கப்படவில்லை. கோடிக்கணக்கான டயர்கள் ஓடும் நாட்டில் 21 என்பது சிறு எண். அந்த எண்ணை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் தரவு நிர்வாகத்திடம் இல்லை.

நான்காவது, வெளிநாடுகள். சவூதி அரேபியா முதலிய வளைகுடா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் டயர்கள் உரிந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. 1999 ஆகஸ்டில் வளைகுடா நாடுகளில் டயர்களை மாற்றித் தர ஃபோர்டு தொடங்கியது. அந்நடவடிக்கைக்கு 'வாடிக்கையாளர் அறிவிப்பு மேம்பாடு' என்னும் பொருள்படும் பெயரிடப்பட்டது. 'திரும்பப் பெறல்' என்ற சொல் தவிர்க்கப்பட்டது. அங்கே டயரை மாற்றினால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கும் தெரிவிக்க நேருமே என்ற டயர் நிறுவனத்தின் தயக்கத்தை, அவ்வாண்டு மார்ச்சில் எழுதப்பட்ட ஃபோர்டின் உட்குறிப்பு ஒன்று பதிவுசெய்திருக்கிறது. உண்மையில் அன்றைய சட்டம் வெளிநாட்டு நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒரே டயர், ஒரே வண்டி, ஒரே பழுது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அது வேறு செய்தியாகிவிட்டது.

ஐந்தாவது, நீதிமன்றம். பாதிக்கப்பட்டோரின் வழக்குகள் 1990களில் பல இடங்களில் நடந்தன. பல வழக்குகள் சமரசத்தில் முடிந்து, ஆவணங்கள் வெளியிடப்படாமல் முத்திரையிடப்பட்டன. இதில் நிறுவனங்களின் பங்கு வெளிப்படை. மற்றொரு பக்கமும் 2001இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டோருக்காக வாதாடிய வழக்கறிஞர் சிலரும் அவர்களுக்கு உதவிய ஆலோசகர் ஒருவரும் 1996 முதலே இப்பழுதின் போக்கை அறிந்திருந்தனர். ஆயினும் அரசிடம் முறையிடவில்லை. அரசு அரைகுறையாக விசாரித்துப் 'பழுதில்லை' என்று கோப்பை மூடிவிட்டால் தம் வழக்குகள் வலுவிழக்கும் என அஞ்சினர். அரசின் விசாரணைத் திறன்மீது நம்பிக்கை இல்லாத இடத்தில், பாதிக்கப்பட்டோரின் பக்கம் நின்றவர்களும் மௌனத்தையே தேர்ந்தனர். நிறுவனங்களை மட்டும் கயவராக்கும் எளிய கதையில் இந்தச் செய்திக்கு இடமிருப்பதில்லை.

இந்தத் தனித்தனி அறைகளின் கதவைத் திறந்தது ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி. ஹூஸ்டன் நகரின் கே.ஹெச்.ஓ.யூ. நிலையம் 2000 பிப்ரவரி 7 அன்று, எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயர் உரிந்து நேர்ந்த மரணங்களைத் தொகுத்து ஒளிபரப்பியது. நிறுவனம் மறுத்தது. ஆனால் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் 'எங்களுக்கும் இதுவே நேர்ந்தது' என்று பாதுகாப்பு நிர்வாகத்தை அழைக்கத் தொடங்கினர். அதுவரை தம் விபத்தைத் தனிப்பட்ட விதியெனக் கருதியிருந்தவர்கள், அது பலருக்கும் பொதுவான பழுதெனக் கண்டுகொண்டனர். மே 2ஆம் நாள் முறையான விசாரணை தொடங்கியது.

5

அறிவிப்பு வந்த பின்னும் குழப்பம் தீரவில்லை. முதலில் அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய வெப்ப மாநிலங்களுக்கு மட்டும் டயர் வழங்கப்படும் எனவும் ஏனையோர் மறு ஆண்டுவரை காத்திருக்க நேரலாம் எனவும் சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. போட்டி நிறுவனங்களின் டயர்களும் வாங்கிப் பூட்டப்பட்டன. டயர்களைத் திருப்பிவிடும் பொருட்டு ஃபோர்டு தன் மூன்று ஆலைகளைச் சில வாரங்கள் மூடியது.

செப்டம்பர் 6 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் தலைவர் மசதோஷி ஓனோ மன்னிப்புக் கோரினார். ஃபோர்டின் தலைவர் ஜாக் நாசர் இது டயரின் பிரச்சினை, வண்டியின் பிரச்சினை அன்று என்ற நிலையில் நின்றார்.

இரு தரப்பினரும் முன்வைத்த வாதங்கள் தருக்கவியல் மாணவருக்கு நல்ல பாடம். 1990களின் நடுவில் சில எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் குட்இயர் டயர்கள் பூட்டப்பட்டன. அதே வண்டி, அதே 26 பவுண்டு அழுத்தம், ஆயினும் அவை பிரியவில்லை. எனவே குற்றம் டயருடையது என்றது ஃபோர்டு. அதே ஃபயர்ஸ்டோன் டயர்கள் ரேஞ்சர் வண்டியிலும் உள்ளன. அங்கே இத்தனை விபத்துகள் இல்லை. எனவே குற்றம் வண்டியுடையது என்றது ஃபயர்ஸ்டோன். ஒருவர் வண்டியை மாறாதிருக்க வைத்து டயரை மாற்றினார். மற்றவர் டயரை மாறாதிருக்க வைத்து வண்டியை மாற்றினார். இரு வாதங்களும் தனித்தனியே செல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது வேறு முடிவு: இந்த டயரும் இந்த வண்டியும் இந்த அழுத்தத்தில் சந்தித்த இடமே பேராபத்து.

ஆனால் சட்டம் சந்திப்பைத் தண்டிப்பதில்லை, உறுப்பையே தண்டிக்கும். பாதுகாப்பு நிர்வாகம் 2001 அக்டோபரில் மேலும் 35 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறச் செய்தது. எக்ஸ்ப்ளோரரின் நிலைத்தன்மையையும் விசாரிக்குமாறு ஃபயர்ஸ்டோன் விடுத்த வேண்டுகோளை 2002 பிப்ரவரியில் மறுத்தது. டயர் உரிந்த பின் எக்ஸ்ப்ளோரர் நடந்துகொண்ட விதம் பிற எஸ்.யூ.வி.களின் போக்கினின்று வேறுபடவில்லை என்பது அதன் காரணம். வேறு சொற்களில் கூறினால், அவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான குறை எந்த ஒரு வண்டியின் பழுதாகவும் கொள்ளப்படாது. ஒப்பீட்டு முறையின் எல்லை இது.

உறவு அதற்கு முன்பே அறுந்திருந்தது. 2001 மே 21 அன்று, ஓனோவுக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் லாம்ப், இனி ஃபோர்டுக்கு டயர் விற்பதில்லை எனக் கடிதம் அளித்தார். மறுநாளே ஃபோர்டு மேலும் 1 கோடியே 30 லட்சம் டயர்களைத் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது. அக்டோபர் இறுதியில் நாசர் பதவி நீங்கினார். அவ்விடத்துக்கு வந்தவர் பில் ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டுக்கும் ஹார்வி ஃபயர்ஸ்டோனுக்கும் ஒருங்கே கொள்ளுப்பேரன். டிசம்பரில் டிகேட்டர் ஆலை மூடப்பட்டது. முதலில் பிணக்கையும் பின்னர்ப் பழியையும் சுமந்த தொழிலாளர்கள் கடைசியில் வேலையையும் இழந்தனர். 2002ஆம் ஆண்டு மாதிரியாக வந்த புதிய எக்ஸ்ப்ளோரரின் சக்கர அகலம் இரண்டரை அங்குலம் கூட்டப்பட்டிருந்தது. 1990இல் காலம் போதாது என்று விடப்பட்ட திருத்தம், ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் கழிந்து வந்து சேர்ந்தது.

6

2000 நவம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையெழுத்திட்ட புதிய சட்டம், திரும்பப் பெறல் அறிவிப்புக்குப் பின் 84ஆம் நாளில் பிறந்தது. அதன் விதிகளை மேலே கண்ட சிதறல்களோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு விதியும் ஓர் அறையின் பூட்டைத் திறக்க எழுதப்பட்டது என்பது விளங்கும். உத்தரவாதக் கோரிக்கைகள், இழப்பீட்டு முறையீடுகள், மரணங்கள், காயங்கள் பற்றிய தரவை உற்பத்தியாளர் காலமுறைப்படி அரசுக்கு அளிக்க வேண்டும். வெளிநாட்டில் எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கையை ஐந்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 1960களின் டயர் தரநிலை குறுக்கிழை டயர்களின் காலத்தில் எழுதப்பட்டது. அது புதுப்பிக்கப்பட வேண்டும். டயரின் காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட வேண்டும். இன்று பல கார்களின் முகப்பில் ஒளிரும் அந்தச் சிறு மஞ்சள் குறி, எக்ஸ்ப்ளோரர் விபத்துகளின் நினைவுச் சின்னமும் ஆகும்.

இந்தியாவுக்கு இந்த வரலாறு அயலானது அன்று. இங்கே நெடுங்காலம் பழுதுற்ற வண்டியைத் திரும்பப் பெறுவது நிறுவனத்தின் விருப்பமாகவே இருந்தது. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கம் தன்னார்வ நெறிமுறை ஒன்றை வகுத்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழுதைப் பற்றி மூன்று வழிகளில் அரசுக்குச் செய்தி வரலாம் என்கிறது அப்பிரிவு: குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளரின் முறையீடு, சோதனை நிறுவனத்தின் அறிக்கை, பிற வழிகள். பழுது ஓர் உறுப்பில் இருந்தால் அவ்வுறுப்பைக் கொண்ட வண்டிகள் அனைத்தையும், மாதிரி எதுவாயினும், திரும்பப் பெற ஆணையிடலாம். கட்டாயமாகத் திரும்பப் பெறும் நிலை வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனம் தானே முன்வந்து தெரிவித்தால் அபராதம் இல்லை.

உறுப்புக்கும் வண்டிக்கும் இடையில் பொறுப்பு நழுவிப்போவதைத் தடுக்கும் விதி இதில் இருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் எக்ஸ்ப்ளோரர் வரலாற்றைப் படித்தவர் முதல் வழியாகிய முறையீட்டு எண்ணிக்கையைக் கண்டு சற்றே தயங்குவார். டயர் உரிந்து கவிழ்ந்தவர்களுள் பலர் அதைப் பழுது என்றே அறியவில்லை, அறியாதவர் முறையிடார். இந்திய அரசின் ஆண்டு விபத்து அறிக்கைகள் சாலை மரணங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மிகுவேகத்தின் கணக்கில் எழுதுகின்றன. 2022இல் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் எத்தனை பேரின் வண்டிகள் பொறியியல் கண்கொண்டு ஆராயப்பட்டன என்பது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. வேகம் உண்மையான காரணமாக இருக்கலாம். அரிசோனாவில் 'தவறான பயன்பாடு' ஆற்றிய வேலையையும் அது ஆற்றலாம்.

மேலும், விதிகள் ஏழாண்டுக்குட்பட்ட வண்டிகளையே உள்ளடக்குகின்றன. இந்தியாவிலோ ஒரு எஸ்.யூ.வி. முதல் உரிமையாளரிடமிருந்து இரண்டாமவருக்கும், அவரிடமிருந்து வாடகைத் தொழிலுக்கும் கைமாறி நெடுங்காலம் ஓடுகிறது. பாரமும் தூரமும் மிகும் அக்காலத்தில்தான் உறுப்புகள் தம் குறையைக் காட்டும். நிறுவனத்தின் கடிதமோ முதல் உரிமையாளரின் முகவரிக்குச் செல்லும்.

வழி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தேசியத் தகவலியல் மையம் நடைமுறைப்படுத்தும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் இன்று காவல் நிலையம்வரை சென்றுள்ளது. காப்பீட்டு நிறுவனங்களிடம் கோரிக்கைக் கோப்புகள் உள்ளன. உற்பத்தியாளரிடம் உத்தரவாதக் கணக்கு உள்ளது. 'பிற வழிகள்' என்ற சட்டச் சொல் இவை அனைத்தையும் உள்ளே அழைக்கும் அளவுக்கு அகலமானது. இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய கடமை எவருடையது என்பதை மட்டும் அச்சொல் கூறவில்லை.

அமெரிக்காவில் அந்தக் கடமையைச் சட்டமாக எழுத 271 மரணங்கள் தேவைப்பட்டன. அவர்களின் விபத்துகளைப் பற்றிய தாள்கள் அவர்கள் உயிரோடிருந்த காலத்திலேயே ஏதோ ஓர் அலுவலகத்தில் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்கு முன்னே கவிழ்ந்தவர்களின் தாள்கள் அவை.